நின்றால் மட்டும் ஒழுகும் கியர்பாக்ஸ்

நண்பரே, ஓடும்போது ஒழுகாத உங்கள் பழைய பென்ஸ், அண்ணா நகர் வீட்டில் வாரக்கணக்கில் நின்றால் மட்டும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து சிவப்பு எண்ணெயைக் கொட்டுகிறது, அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டான பானின் பேக்கிங்கை மாற்றியும் பலனில்லை என்கிறீர்கள். பேக்கிங்கை விட்டுவிடுங்கள். நெடுநாள் நின்றால், இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலுள்ள எண்ணெய் மெல்லப் பானுக்கு இறங்கும். மட்டம் உயர்ந்து கியர் தண்டு நுழையும் இடத்தில் ஒழுகலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ‘சீல்’ வரை எட்டும். அந்த ரப்பர் இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும். கியர்பாக்ஸை நன்றாகத் துடைத்து, முகப்பவுடர் தூவி நிறுத்துங்கள். சிவப்புக் கோடு தொடங்கும் இடம்தான் ஓட்டை, சொட்டும் இடமல்ல. பழைய சீல் வளையத்தைக் கையோடு எடுத்துப்போய், வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் கேளுங்கள். மெக்கானிக் சிலிகான் பூசலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். பிதுங்கிய துணுக்கு ஃபில்டரை அடைக்கும். எண்ணெய் மட்டத்தை, வண்டி சூடான பின், கியரை ‘P’ (பார்க்) நிலையில் வைத்து, இன்ஜின் ஓடும்போது மட்டுமே பாருங்கள்.