சேவை என்கிற சொல்

அன்புள்ள அக்கா,

வேலூரில் பொது சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். உலகத்தில் சுகாதார வேலை செய்கிறவர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளில் 25 சதவீதம்தான் என்று வகுப்பில் படித்தோம். உலக சுகாதார நிறுவனத்தில் ஒப்பந்தங்கள் பற்றிப் பேச ஜெனீவாவுக்குப் போகும் நாட்டுக் குழுக்களில் பெண்களுக்கு ஒதுக்கீடு வேண்டுமா, திறமை போதாதா என்று விவாதம் வந்தது. “சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டு ஒதுக்கீடு கேட்கலாமா?” என்றாள் தோழி. எனக்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகி, வேலூர்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று எழுதிவிட்டாய், அந்த உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே பதில்.

ஒதுக்கீடு வேண்டும். 1950லேயே நம் நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர், எல்லா நாடுகளும் கூடும் உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை தாங்கினார். ஆனால் 1948ல் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒரு பெண் தலைமை இயக்குநராக வர 1998 ஆனது. அவர் நார்வேயின் ப்ருண்ட்லாண்ட். பிறகு மார்கரெட் சான். அவ்வளவுதான். நடுவில் ஐம்பது வருஷம் திறமையான பெண் ஒருத்திகூடப் பிறக்கவில்லையா? திறமைப் பேச்சுக்கு இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

ஐடா அம்மையாரை இழுத்தீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்தார்கள், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால். அதைப் பார்த்தவர் 1899ல் டாக்டரானார். தான் ஒருத்தி வந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. 1918ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்கள் அங்கே படிக்க வந்தது 1947ல். இருபத்தொன்பது வருஷம் அத்தனை இடமும் பெண்களுக்கு, கண்ணு! அதே ஊரில் நின்றுகொண்டு ஒதுக்கீடு எதற்கு என்றா கேட்கிறீர்கள்? படிக்கிற பிள்ளைகள் இதைக்கூட யோசிக்க வேண்டாமா?

அம்மா ஒடுகத்தூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் வைத்த ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள், பஸ் போகாத ஊருக்கு நடை. வார் அழுந்தி அழுந்தித் தோளில் கறுப்பாகக் காய்த்துப்போன இடம் சாகிறவரை இருந்தது. யாருக்கு ஏழாம் மாசம், யாருக்கு ரத்தம் குறைவு, எந்த மாமியார் ஊசிக்கு விடமாட்டாள், எல்லாம் மனப்பாடம்.

பள்ளிக்கூடம் லீவு என்று மாதக் கூட்டத்துக்கு ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாள். அவள் எழுதின கணக்கை வேறொருவர் எழுந்து வாசித்தார். ஒரு ஊரில் ஊசி போட்டது குறைந்திருந்தது. ஏன் என்று கேட்டார்கள். “ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை சார்” என்றார் அவர். அம்மா எழுந்தாள். “அவங்க கரும்பு வெட்டப் போயிருக்காங்க சார், தை கழிச்சித்தான் திரும்புவாங்க.” “உக்காரும்மா, கேட்டா சொல்லு” என்று பதில் வந்தது. கூட்டம் முடிந்ததும் அதே அதிகாரி, “உங்களது பெரிய சேவைம்மா” என்றார். பஸ்ஸில் வீடு வரைக்கும் அம்மா பேசவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அந்தச் சொல் ஆகாது. மருத்துவம் பார்ப்பதை வேலை என்றால் கூலி பேச வேண்டும், அறிவு என்றால் நாற்காலி போட வேண்டும். சேவை என்று சொல்லிவிட்டால் கும்பிடு போட்டால் போதும். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டில் வீடு வீடாகப் போய்ச் சுகாதார வேலை பார்க்கிற பத்து லட்சம் ஆஷா பெண்களுக்கு விருது கொடுத்தது. சந்தோஷம்தான், நானும் கண்கலங்கினேன். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் தன்னார்வலர்கள். கைக்கு வருவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. கொரோனா வந்த 2020ல் பல நாடுகளின் முடிவெடுக்கும் குழுக்களை எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 85 சதவீதக் குழுக்களில் ஆண்களே அதிகம். ஆண் உடம்புக்கு அளவெடுத்த பாதுகாப்பு உடைக்குள் தொளதொளவென்று நின்ற நர்சுகளை அந்த மேஜையில் யார் நினைத்திருப்பார்கள்? கரும்பு வெட்டப் போனவர்களைத் தெரிந்தவள் அறைக்குள் இல்லாவிட்டால், ‘விழிப்புணர்வு இல்லை’ என்றுதான் ஒப்பந்தத்திலும் எழுதுவார்கள். ஜெனீவா ஆனால் என்ன, ஒடுகத்தூர் ஆனால் என்ன.

டிரங்குப் பெட்டியில் அந்த வருஷத்துப் பதிவேடு இருக்கிறது. அந்த ஊருக்கு நேராக ஓரத்தில் சிவப்பு மையில், ‘கரும்பு. தை கழித்து மறுபடி போகணும்’ என்று எழுதியிருக்கிறாள். கீழே பதினொரு குழந்தைகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக்.

வருகிற புதன்கிழமை உன் தோழியையும் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போ. காலையிலிருந்து பெட்டி காலியாகும்வரை நர்சம்மா பக்கத்தில் உட்கார். பதிவேட்டின் ஓரத்தில் அவர் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்டு வாங்கிப் படி. பிறகு எனக்கு எழுது.

அக்கா