சுருதி மாற்றிய மாண்டலினில் வேகமான ப்ளூகிராஸ்: கேள்வி பதில்

கேள்வி: ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற வகை இசை) வாசிக்க, மாண்டலினின் நான்கு ஜோடிக் கம்பிகளை வழக்கமான ஜி-டி-ஏ-இ சுரங்களில் வைக்காமல் ஏ-இ-ஏ-இ என்று வைத்தால் வேகம் கூடுமா அண்ணா?

கூடாது. வேகம் வலது கையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நாலு சுரம் என்றால் நொடிக்கு 8 சுரம். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கீழ், மேல், கீழ், மேல் என்று மாறாமல் போகவில்லை என்றால் எந்தச் சுருதியும் காப்பாற்றாது. மாற்றுவது ரீங்காரத்துக்காக. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிப் பிடில்காரர்களின் பழக்கம் அது. விரல் படாத பக்கத்துக் கம்பியும் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். ஏ-யை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் ஸ-ப-ஸ-ப, அவ்வளவுதான். இன்னொரு லாபம், கீழ் இரண்டு ஜோடியில் பழகிய விரல்போக்கை மேல் இரண்டுக்கு அப்படியே நகர்த்தினால் அதே மெட்டு ஒரு ஸ்தாயி மேலே வந்துவிடும்.

கேள்வி: ஏற்றும்போது கம்பி அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். ஜி-யை ஏ-க்கும் டி-யை இ-க்கும் ஏற்றினால் அந்த நாலு கம்பியிலும் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும். பழைய மாண்டலினுக்கு இதைச் செய்ய எனக்கு மனம் வராது. ஏ, இ ஜோடிகளை இறக்கி ஜி-டி-ஜி-டி வைத்து, இரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) காப்போ (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) போடுங்கள்; அதே ஏ-இ-ஏ-இ கிடைக்கும். இறக்கும்போது வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் நிற்கும். ஒரு ஜோடியை மாற்றினால் மற்றவை நகரும், அதனால் இரண்டு சுற்றாவது சரிபார்க்க வேண்டும். அப்புறம், எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகத் தளர்த்திவிடாதீர்கள். பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டை) ஒட்டியதல்ல, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது.

கேள்வி: ப்ளூகிராஸ் முன்னோடியான மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் ‘கெட் அப் ஜான்’ மெட்டு, நான் வாசித்தால் மட்டும் ஏன் அவர் வாசிப்பது போலக் கேட்பதில்லை?

அதில் ஜோடியையே பிரிக்கிறார்கள். தடித்த ஜோடியில் ஒன்று எஃப் ஷார்ப், மற்றது ஏ. நடுவில் டி-டி, ஏ-ஏ. மெல்லிய ஜோடியில் ஒன்று ஏ, மற்றது டி. ஒரு விரல் வைத்தால் இரண்டு சுரம் சேர்ந்து வரும். ஒரே ஆள் இரண்டு பிடில் வாசிப்பது போல இருக்கும். இ-யிலிருந்து ஏ-க்கு இறங்கும் அந்த ஒற்றைக் கம்பிதான் தொல்லை. துணிக்கொடி மாதிரி தொய்ந்து ஃபிரெட்டில் உரசும். நான் அந்த இடத்தில் ஏ ஜோடிக்கான தடித்த கம்பியையே மாட்டிவிடுகிறேன். அப்படியும் உங்களுக்கு வரவில்லை என்றால், வேகத்தைப் பாதியாக்கி இரண்டு கம்பியிலும் பிக் படுகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றில்தான் படும்.

கேள்வி: பிக் எவ்வளவு தடிமன் சார்?

1.4 மி.மீ. போல, முனை உருண்டது.

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது நடுவில் சுருதி மாற்றலாமா?

வேண்டாம். இரண்டாம், நான்காம் தட்டில் ‘சாப்’ (சட்டென்று அடித்து ஒலியை நிறுத்தும் தாள வெட்டு) அடிக்கும் பிடிகள் எதுவுமே அப்போது வேலை செய்யாது, தாளம் உங்களிடமிருந்துதான் வருகிறது. கம்பிகளை நீங்கள் முறுக்கி முடிப்பதற்குள் பேஞ்சோக்காரர் அடுத்த மெட்டை ஆரம்பித்துவிடுவார். இன்னொரு மாண்டலின் இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த மெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.