பூஞ்சணம் பிடித்த நெகற்றிவ்கள்: ஸ்கேனரா, கமராவா?

கேள்வி: 1980களிலும் 90களிலும் அப்பா எடுத்த கலர் நெகற்றிவ்கள் சுமார் 40 றோல் ஒரு பிஸ்கட் ரின்னில் இருக்கின்றன. 120 எனப்படும் அகலமான பிலிமில் கறுப்பு-வெள்ளையும் கொஞ்சம் உண்டு. சிலவற்றில் பூஞ்சணம். என்னிடம் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (35 மிமீ படத்தைவிடச் சிறிய சென்சர்) கமராவும் 18–55 கிட் லென்ஸும் உள்ளன. பிளாட்பெட் (தட்டைக் கண்ணாடி) ஸ்கேனர் வாங்குவதா, கமராவாலேயே எடுப்பதா? பூஞ்சணத்தைக் கழுவலாமா? — வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம். கழுவவே வேண்டாம். பூஞ்சணம் பிலிமின் ஜெலற்றின் படலத்தைத் தின்று வளர்கிறது. தின்ற இடத்து ஜெலற்றின் தண்ணீரில் கரையும் தன்மைக்கு மாறிவிடும். குழாய்நீரில் பிடித்தால் பூஞ்சணத்தோடு படமும் போய்விடும். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் வேண்டாம், அதிலும் நீர் கலந்திருக்கும்.

முதலில் பிலிம்களைக் காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் சில நாட்கள் வையுங்கள். ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேலிருந்தால் பூஞ்சணம் வளரும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் அது ஆண்டு முழுவதும் அதற்கு மேல்தான். பெட்டிக்குள் சிறிய ஈரப்பதன்மானி ஒன்றை வைத்து 35 முதல் 50 வீதத்துக்குள் பேணுங்கள். அதற்கும் கீழே போனால் பிலிம் சுருளும். பிறகு, துடைப்பதற்கு முன்பே ஒரு தடவை படம் எடுத்துவிடுங்கள். துடைக்கும்போது ஏதும் பிழைத்தாலும் பிரதி கையில் இருக்கும். துடைக்க 99 வீத ஐசோப்ரொப்பைல் அல்ககோலும் பஞ்சு உதிராத துணியும் தேவை. பளபளப்பான பக்கத்தைத் தாராளமாகத் துடைக்கலாம். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அங்கே மிக மெதுவாக. தின்றுபோன தடம் எதனாலும் திரும்பாது. ஒன்றோடொன்று ஒட்டிய துண்டுகளை இழுக்காமல் அப்படியே ஒதுக்கி வையுங்கள். வினாகிரி மணம் வரும் றோல்களைத் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள்: அசற்றேற் அடித்தளம் சிதைந்து அமிலம் விடுகிறது, அது பக்கத்து றோல்களையும் கெடுக்கும்.

இனி ஸ்கேனர். உங்களிடம் கமரா இருப்பதால் பிளாட்பெட் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எப்சன் வி600 போன்றவற்றின் பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி) என்று இருந்தாலும், 35 மிமீ பிலிமில் உண்மையாகக் கிடைப்பது அதில் கால்வாசியளவு விபரமே. கணக்குப் பார்த்தால் சுமார் மூன்றரை மெகாபிக்சல். போஸ்ட்காட் அளவுப் பிரிண்டுக்கு அது போதும். ஏ4க்கு 300 டிபிஐயில் கிட்டத்தட்ட 9 மெகாபிக்சல் வேண்டும். ஸ்கேனரில் ஒரேயொரு பெரிய நன்மை, அகச்சிவப்பு ஒளியால் தூசைக் கண்டுபிடித்துத் தானே அழிக்கும் வசதி. கமராவில் அது இல்லை. ஆனால் கறுப்பு-வெள்ளையில் அந்த வசதியும் உதவாது, படத்தை ஆக்கியிருக்கும் வெள்ளித் துணிக்கைகளே அகச்சிவப்பை மறித்துவிடும். பிலிமைச் செருகிப் பட்டனை அழுத்தும் சின்னப் பெட்டி ஸ்கேனர்களின் பக்கமே போகாதீர்கள். வெளிச்சப் பகுதிகளையும் நிழல்களையும் வெட்டி நேரே ஜேபெக் ஆக்கிவிடும்.

35 மிமீக்கு உங்கள் கிட் லென்ஸ் போதாது. 36×24 மிமீ படத்தை உங்கள் சென்சரில் நிரப்ப ஏறத்தாழ 0.65 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும், கிட் லென்ஸ் பெரும்பாலும் அதில் பாதிதான் தரும். மிக நெருக்கத்தில் எடுக்கும் மக்ரோ லென்ஸ் பாவித்ததாகக் கிடைத்தால் அதுவே நல்லது. மலிவான வழி, 50 மிமீ எஃப் 1.8 லென்ஸுடன் 25 முதல் 30 மிமீ வரையான எக்ஸ்ரென்ஷன் ரியூப் (கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் பூட்டும் வெற்றுக் குழாய்). மின்தொடர்பு உள்ள ரியூப்பாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பல கமராக்களில் அப்பேச்சரை (லென்ஸின் துவார அளவை) மாற்ற முடியாது. 120 பிலிமின் 6×6 சென்றிமீற்றர் நெகற்றிவ்களுக்கு 0.28 மடங்கே போதும் என்பதால் பல கிட் லென்ஸ்கள் 55 மிமீயில் அவற்றைச் சமாளிக்கும். இன்றே தொடங்க விரும்பினால் 120இலிருந்து தொடங்கலாம்.

லென்ஸைவிட அதிகம் கெடுப்பது வெளிச்சம். சாதாரண எல்ஈடி பல்ப் ஆழ்சிவப்பைக் குறைவாகவே தரும். அதில் எடுத்தால் முகங்கள் சேற்று நிறமாகும், பிறகு எவ்வளவு திருத்தினாலும் சரிவராது. சிஆர்ஐ (நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனின் அளவு) 95க்கு மேல் என்று குறித்த வீடியோ லைற் பனல் வாங்கி, அதன் மேல் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டொன்றை வையுங்கள். பெயர்ப்பலகை செய்பவர்களிடம் வெட்டு மிச்சத்தில் கேட்டுப் பார்க்கலாம். பிலிம் அதிலிருந்து மூன்று நான்கு சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும், அப்போது அக்ரிலிக் மீதுள்ள தூசு படத்தில் விழாது. பனலை முழு வெளிச்சத்தில் வையுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் சில பனல்கள் துடிக்கும், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு வரும்.

பிலிமைப் பிடிக்க, ஜன்னல் வெட்டிய இரண்டு கறுப்பு மட்டைகள் போதும். படத்தைச் சுற்றிச் சிறிது ஓரமும் தெரியும்படி ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள். சமதளமாக இருப்பது முக்கியம்: இவ்வளவு நெருக்கத்தில் வளைவு அரை மில்லிமீற்றரைத் தாண்டினாலே மூலைகள் மங்கும். கண்ணாடியால் அழுத்த நினைத்தால், பளபளப்பான பக்கம் கண்ணாடியில் பட்ட இடத்தில் நியூற்றன் வளையங்கள் எனப்படும் வானவில் நிற வளையங்கள் வரும். கமரா பிலிமுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க, பிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியொன்றை வைத்து லைவ் வியூவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நடுவில் விழுந்தால் சரி.

எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. கொழும்பின் ஈரக்காற்று இந்த ஒரு விடயத்தில் மட்டும் உதவி, நிலைமின் குறைவதால் தூசு அவ்வளவாக ஒட்டாது. கைப் புளோவரால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அறை விளக்குகளையும் அணையுங்கள். ஐஎஸ்ஓ 100, அப்பேச்சர் எஃப் 8, ரோ கோப்பு (சுருக்காத மூலப் பதிவு), 2 செக்கன் ரைமர். எஃப் 16க்குப் போனால், சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) கூர்மை குறையும். எந்த நிறமும் வெட்டுப்படாத அளவுக்கு ஹிஸ்ரோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை) வலப்பக்கம் தள்ளி, ஒரு றோல் முழுவதையும் அதே மனுவல் அளவில் எடுங்கள். ஓட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும்.

நிறத்தைத் திருப்ப, இலவச மென்பொருளான டார்க்ரேபிளில், நெகற்றிவைப் பொசிற்றிவாக மாற்றும் நெகடொக்ரர் மொடியூல் உண்டு. படத்தின் ஓரத்தில் தெரியும் வெற்றுச் செம்மஞ்சள் பட்டையைப் பிக்கரால் தொட்டு பிலிம் அடித்தள நிறத்தைக் கொடுங்கள். மட்டை ஜன்னலைப் பெரிதாக வெட்டச் சொன்னது இதற்காகத்தான். அதே மென்பொருளின் ஃபில்மிக், சிக்மொயிட் மொடியூல்கள் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஒரு படத்தில் சரிசெய்ததை அந்த றோல் முழுவதற்கும் ஒட்டி, பிறகு தனித்தனியே தொடுங்கள்.

40 றோல் என்றால் கிட்டத்தட்ட 1400 படங்கள். எல்லாவற்றையும் முழுத் தரத்தில் எடுக்கத் தொடங்கினால் பத்தாவது றோலில் கைவிட்டுவிடுவீர்கள். துண்டு துண்டாகப் பனலில் பரப்பி, கைத்தொலைபேசியால் எடுத்து நிறம் திருப்பிப் பார்த்து, வேண்டியவற்றைக் குறியுங்கள். இடம்பெயர்வில் அல்பங்கள் போய் நெகற்றிவ் மட்டும் மிஞ்சிய வீடு என்றால், பிரிண்ட் இல்லாதவற்றை முதலில் எடுங்கள்.

தேர்ந்தவற்றை 16 பிற் டிஃப் (தரம் குறையாத கோப்பு வகை) ஆகச் சேமித்தால் ஒன்று 100 எம்பிக்கு மேல் வரக்கூடும். இடம் குறைவென்றால் ரோ கோப்பையும் உயர்தர ஜேபெக்கையும் மட்டும் வைத்தால் போதும், ஆனால் இரண்டு வெவ்வேறு டிரைவ்களில். நெகற்றிவ்களை எறியாமல் அதே சிலிக்கா ஜெல் பெட்டியில் வையுங்கள். நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் என்றால், அதன் செம்மஞ்சள் மணிகள் பச்சையானதும் 120 பாகை செல்சியஸ் அவணில் சில மணிநேரம் உலர்த்தினால் மீண்டும் பாவிக்கலாம்.