‘ஹேவ் சீன்’ இருக்கும் வாக்கியத்தில் ‘எஸ்டர்டே’ ஏன் வரக் கூடாது?

கடலூரில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் நீங்கள், ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று எழுதியதற்கு ஏன் மார்க் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘ஹேவ் சீன்’ போன்ற பிரசன்ட் பெர்ஃபெக்ட் வடிவம் நிகழ்காலத்தோடு ஒட்டி நிற்பது; முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் எஸ்டர்டே அதோடு சேராது. முடிந்த செயலைச் சொல்லும் சிம்பிள் பாஸ்டில் ‘ஐ வென்ட் டு சில்வர் பீச் எஸ்டர்டே’ சரி. எப்போது என்று சொல்லாமல், போன அனுபவம் உண்டு என்றால் ‘ஐ ஹேவ் பீன் டு சில்வர் பீச்’. டுடே இந்த இரண்டு வடிவங்களோடும் வரும்.

விதியை உருப்போடுவதைவிடக் கவிதையில் பாருங்கள். 1807இல் வெளியான, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டாஃபடில்ஸ்’ கவிதையில் பூக்களைப் பார்த்த கதை பெரும்பாலும் சிம்பிள் பாஸ்டில் போகிறது: வாண்டர்ட் (அலைந்தேன்), சா (பார்த்தேன்), கேஸ்ட் (உற்றுப் பார்த்தேன்). கடைசி ஸ்டான்ஸாவில் லை, ஃபிளாஷ், டான்ஸஸ் என்று பிரசன்டுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் கவிதையின் உயிரே அந்தத் திருப்பம்தான். வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு ஒருமுறை வாசியுங்கள்.