லேவியராகமத்தில் நின்றுபோகும் வாசிப்பு

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் வேதாகமத்தை ஓராண்டில் வாசித்து முடிக்கும் அட்டவணையோடு தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளாக லேவியராகமத்தைத் தாண்டவில்லை. காலையில் வாசித்தது கம்பெனி பஸ் ஏறுவதற்குள் மறந்துவிடுகிறது. ஆழமாக வாசிக்கும் பழக்கம் எப்படி வரும்?

பதில்: சகோதரி, முதலில் ஒரு கணக்கு. நம் கையில் இருக்கும் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அத்தியாயங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று அத்தியாயத்துக்குச் சற்று மேலே வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, அதற்கு அடுத்தது பலிகளின் முறைகளோடு தொடங்கும் லேவியராகமம். ஆகவே யார் தொடங்கினாலும் ஜனவரி கடைசி வாரத்தில் பலிபீடத்தின் முன்னால்தான் போய் நிற்பார்கள். புத்தாண்டு உற்சாகம் வடிவதும் அதே வாரத்தில்தான். இதில் உங்கள் விசுவாசத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்த ஆண்டு எனக்கும் ஒன்று உண்டு. அந்த டிசம்பரில், ஆபகூக் தீர்க்கதரிசி எதைப் பற்றிப் பேசுகிறார் என்று என் மகள் கேட்டபோது பக்கத்தைப் புரட்டித்தான் பதில் சொன்னேன்.

இந்த ஆண்டு அட்டவணையை மடித்து வைத்துவிடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு தொழில் தெரியும். செக்கிங் மேசைக்கு வரும் பனியனை வெளிப்பக்கம் மட்டும் பார்த்து நீங்கள் அனுப்புவதில்லை. உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறீர்கள், பிசிறு பார்க்கிறீர்கள், ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடிக்கிறீர்கள். வசனத்துக்கும் அந்தப் பார்வைதான் தேவை. ஒரு நாளைக்குப் பத்து வசனம் போதும். அதே பத்து வசனத்தை ஒரு வாரம் முழுவதும் வாசியுங்கள். சத்தமாக வாசியுங்கள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சத்தம் எதற்கு? முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" மனுஷன் என்று வருகிறதே, அங்கே தியானம் என்பதற்கு எபிரெயத்தில் இருக்கும் சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31:4-இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், 38:14-இல் புறா முனகுவதற்கும் இதே சொல்தான். நாம் தியானம் என்றதும் கண்ணை மூடி வாயையும் மூடிவிடுகிறோம். யோசுவாவுக்குக் கிடைத்த கட்டளையோ, இந்தப் புஸ்தகம் "உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக" என்பது. அடுப்படியில் முணுமுணுத்தாலும் அது தியானம்தான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சேர்ந்தே பார்ப்போம். 126-ஆம் சங்கீதம். ஆறே வசனம். நான்காவது வசனம் இது: "கர்த்தாவே, தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல, எங்கள் சிறையிருப்பைத் திருப்பும்." பல ஆண்டுகள் இதை வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். தெற்கத்தி என்றால் என்ன என்று நின்று கேட்டால்தான் கதவு திறக்கிறது. அது யூதேயாவுக்குத் தெற்கே இருக்கும் வறண்ட நெகேவ் பகுதி. அங்கே ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலும் கல்லுமாகக் கிடக்கும் ஓடைகள், எங்கோ மேட்டில் மழை பெய்தால் திடீரென்று கரை தொட்டு ஓடும். இது நமக்குப் புதிதா? வெள்ளியங்கிரி மலைப்பக்கம் கொட்டித் தீர்த்தால், திருப்பூரில் தூறல்கூட இல்லாத நாளிலும் நொய்யல் பொங்கி வருவதைப் பார்த்தவர்கள் நாம். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் கேட்டது அப்படி ஒரு திருப்பத்தை. கைவசம் கத்தோலிக்கர்களின் திருவிவிலியம் இருந்தால் இந்த வசனத்தை அதிலும் பாருங்கள். வறண்ட ஓடை என்று அங்கே வெளிப்படையாகவே இருக்கும். இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு வாசிப்பதைச் சிலர் ஏனோ தவறாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அடுத்து, "கண்ணீரோடே விதைக்கிறவர்கள்". விதைக்கிறவன் ஏன் அழ வேண்டும்? இதை உங்கள் வீட்டில் மேட்டுக்காடு உழுத பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் வீட்டில் மிஞ்சியிருக்கும் சோளம் விதைக்கு எடுத்துவைத்தது மட்டும்தான். பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது அதைக் கொண்டுபோய் மண்ணில் தூவ வேண்டும். கடைசி வசனத்தில் வரும் 'அரிகள்' என்ன என்பதையும் அவரே சொல்வார், அறுத்துப் போடும் கதிர்க் கைப்பிடிகள் என்று. விளக்கவுரைப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கு முன் பதினைந்து நிமிடம், கைபேசி வேறு அறையில், அச்சுப் புத்தகம், நாற்பது பக்க நோட்டு ஒன்று. நோட்டில் தினமும் ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள், பதிலை அல்ல. பதில் சில நாளில் பஸ்ஸில் வரும், சில நாளில் வரவே வராது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மிச்சக் கேள்விகளை ஆயரிடம் கேட்டுவிடலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்ட வேண்டாம். அட்டவணை நோய் அங்கேதான் மறுபடி தொற்றுகிறது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும், ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாசிப்புக்கு ஈடாக வைத்துக்கொள்ளாதீர்கள். எரேமியா 29:11 நம் வீட்டுச் சுவர்களில் நிறையத் தொங்குகிறது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது இனிக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தில் 70 ஆண்டு என்று ஒரு காலக்கெடு இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாய்க் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றுதான் கடிதம் தொடங்குகிறது. கடிதம் முழுவதையும் வாசித்தபின் அந்த வசனம் அட்டையில் இருந்ததைவிடக் கனமாகிறது. சுவரிலிருந்து கழற்றச் சொல்லவில்லை.

வரிசை கேட்பீர்கள். 120 முதல் 134 வரை, 'ஆரோகண சங்கீதம்' என்று தலைப்பிட்ட பதினைந்து சங்கீதங்களை வாரத்துக்கு ஒன்றாக எடுங்கள். பிறகு மாற்கு, பதினாறு அத்தியாயம்தான். லேவியராகமத்தோடும் பகை வேண்டாம். ஆனால் முதலாம் அத்தியாயத்தில் தொடங்காமல் 19-ஆம் அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது ஒன்பதாம், பத்தாம் வசனம். அங்கிருந்து பதின்மூன்றுக்கு வாருங்கள். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை முதலாளியிடம் தங்கக்கூடாது என்று இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு வந்த பிறகு வாசியுங்கள்.