அதிர்வெண்ணும் நிகழ்வெண்ணும் ஒன்றா?

இயற்பியலில் அதிர்வெண் என்றும் புள்ளியியலில் நிகழ்வெண் என்றும் படிப்பவை ஒரே பொருளா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே ‘எத்தனை முறை’ என்னும் கேள்விக்கான விடைதான். ஆனால் எதற்குள் எத்தனை முறை என்பது துறைக்குத் துறை மாறுகிறது.

இயற்பியலில் அந்த எல்லை ஒரு நொடி. வேலூரில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் அருகே இரவில் நின்றால் ‘ம்ம்’ என்று ஓயாத ரீங்காரம் கேட்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் காந்தப்புலம் இரு திசையிலும் உச்சம் தொடுவதால், உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்க, நம் காதில் விழும் அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. அதிர்வெண்ணைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன்.

மருத்துவர் நாடி பார்க்கையில் எல்லை நிமிடமாகிறது. 72 துடிப்பு என்பது 1.2 ஹெர்ட்ஸ். காட்பாடிக்குப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று கேட்பது இதன் தலைகீழ்.

புள்ளியியலில் காலமே தேவையில்லை. 40 மாணவர்களில் 7 பேர் 35 மதிப்பெண் பெற்றிருந்தால், அந்த மதிப்பெண்ணின் நிகழ்வெண் 7. அங்கே நொடியைத் தேடுவதால்தான் குழப்பம் வருகிறது.