மூன்று மாதத்தில் 12 கிலோ – வாசகர் கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 43 வயது. தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 79 கிலோ. போன வருடம் கூட வேலை பார்க்கும் தோழி சொன்னதைக் கேட்டு ஒரு டயட்டை ஆரம்பித்தேன். காலையில் ஜூஸ், மதியம் வேகவைத்த காய்கறி, ராத்திரி சூப். சோறு, இட்லி, தோசை எதுவும் கிடையாது. ஆறு வாரத்தில் 7 கிலோ குறைந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் வகுப்பில் நின்று பாடம் எடுக்க முடியவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். கொஞ்ச நாளில் தலைமுடியும் கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. பொங்கலோடு டயட்டை விட்டேன். இப்போது குறைந்த 7 கிலோவும் திரும்ப வந்து, மேலே 2 கிலோ ஏறியிருக்கிறது.

சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. மாத்திரை வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதற்குள் 12 கிலோ குறைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எடையை மெதுவாகக் குறைப்பதே நல்லது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? சோற்றை விட்டால்தான் குறையுமா? நடந்தால் மட்டும் போதாதா? எனக்கு மன உறுதி இல்லை என்று என் கணவர் சொல்கிறார். அது உண்மையா?

வி., தூத்துக்குடி

அன்புள்ள வி.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது. உங்கள் மன உறுதிக்கு ஒரு குறையும் இல்லை. ஜூஸையும் சூப்பையும் குடித்துக்கொண்டு ஆறு வாரம் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடியது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் கிடந்தார்கள். அவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து உடம்பைத் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு, பெரும்பாலும் உருளைக்கிழங்கும் ரொட்டியும். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது.

எடையோடு மற்றதும் மாறியது. சதா சாப்பாட்டு நினைப்பு. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். எதற்கெடுத்தாலும் எரிச்சல், சோர்வு, குளிர். நாடித்துடிப்பு குறைந்தது. கிடைத்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ள உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றானபோது, வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். பழைய எடைக்கு வந்த பிறகும் சாப்பாடு நிற்கவில்லை. பலருக்கு முன்பிருந்ததைவிடக் கொழுப்பு கூடியது.

அவர்களுக்குக் கொடுத்த அரை வயிற்றுச் சாப்பாடு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. அவர்கள் வாலிபப் பையன்கள், தேவை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்லும் ஜூஸும் காய்கறியும் சூப்பும் சேர்ந்து 800 கலோரி தேறினாலே அதிகம். வகுப்பில் வந்த எரிச்சலும், பொங்கலுக்குப் பிறகு வந்த அடங்காத பசியும் எங்கிருந்து வந்தன என்று இப்போது உங்களுக்கே புரியும். கணவரிடமும் இதைச் சொல்லுங்கள். முடி கொட்டியதும் இதன் தொடர்ச்சிதான். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி உதிரும். சத்தாகச் சாப்பிட ஆரம்பித்தால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

குறைந்த 7 கிலோவும் கொழுப்பு என்று நினைக்க வேண்டாம். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ஈரலிலும் தசையிலும் சேமிப்பில் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை முதலில் தீரும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். பருப்பு, முட்டை, மீன் எதுவும் இல்லாமல் போனதால் தசையும் கரைந்திருக்கும். திரும்பி வந்த 9 கிலோவில் கொழுப்பின் பங்கே அதிகம் இருக்கும். 40 வயதுக்கு மேல் இழந்த தசை எளிதில் திரும்ப வராது.

இப்போது, எவ்வளவு மெதுவாக என்ற கேள்வி. மெதுவாகக் குறைத்தால் எடை திரும்ப ஏறவே ஏறாது என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது அப்படியே உண்மை இல்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 204 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2014ல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தார்கள், மீதிப் பேர் 36 வாரத்தில் மெதுவாகக் குறைத்தார்கள். மூன்று வருடம் போல கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பிலும் இழந்த எடையில் 71 சதவீதம் திரும்பி வந்திருந்தது.

எனக்கு இதிலிருந்து புரிவது இதுதான்: வேகம் இரண்டாம்பட்சம். எடை குறைவதற்காகச் சாப்பிடும் சாப்பாட்டை, குறைந்த பிறகும் அதே மாதிரி, பத்து வருடம் கழித்தும், வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? முடியும் என்றால் அந்த எடை நிற்கும். ஒரு நாள் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்கிற சாப்பாடு எதுவாக இருந்தாலும், நிறுத்திய அன்றிலிருந்து எடை ஏறத் தொடங்கும். வாழ்நாள் முழுக்க நடத்தக்கூடிய மாற்றம் சின்னதாகத்தான் இருக்க முடியும். சின்ன மாற்றத்தில் எடை மெதுவாகத்தான் குறையும். நான் மெதுவாக என்று எழுதியது இந்த அர்த்தத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மாதம் ஒன்றரைக் கிலோ குறைய தினமும் 380 கலோரி போல மிச்சமாக வேண்டும். பள்ளியிலும் வீட்டிலுமாக நாலு தடவை டீ, தடவைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். அதைப் பாதியாக்கினால் 80 கலோரி. மதியம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்தால், நூறு கிராம் என்று வைத்தாலும், 130. நாற்பது நிமிடம் விறுவிறுப்பாக நடந்தால் உங்கள் எடைக்கு இன்னொரு 130. இதிலேயே 340 வந்துவிட்டது. எண்ணெயில் இரண்டு டீஸ்பூன் குறைந்தால் 80 கலோரிக்கு மேல் மிச்சம். எதையும் விடவில்லை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சோற்றை விட வேண்டாம். எவ்வளவு என்பதும், கூட என்ன இருக்கிறது என்பதும்தான் கேள்வி. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல் என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் மதியச் சாப்பாடு. அந்த அளவைத் திருப்பிப் போடுங்கள். தட்டில் பாதி காய், கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்போ முட்டையோ மீனோ. உங்கள் ஊரில் மீனுக்குக் குறைவில்லை. சாளையையும் நெத்திலியையும் குழம்பாக வையுங்கள், பொரிப்பது எப்போதாவது இருக்கட்டும். காலையில் மூன்று இட்லி தாராளமாகச் சாப்பிடலாம், கூட ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ இருந்தால் பதினொரு மணிக்குப் பசிக்காது. ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லமாட்டேன். மாதம் ஒரு தடவை, சால்னாவை அளவாக ஊற்றிக்கொண்டு, ஆசையாகச் சாப்பிடுங்கள்.

டயட் அட்டவணைகளில் நான் பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் பெண்கள் எப்போது, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது. என் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்கு அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவார். உருளைக்கிழங்கு வறுத்த வாணலியில் எண்ணெயும் பொடியும் ஒட்டியிருக்கும். அதில் ஒரு கைச் சோற்றைப் போட்டுப் பிரட்டி எடுப்பார். பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்ட மிச்சம், மறுநாளைக்குத் தாங்காத குழம்பு, கடைசி அப்பளம் எல்லாம் அவர் வயிற்றுக்குத்தான் போகும். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் அந்த எண்ணெய் முழுக்க ஒரே ஆள் உடம்பில் சேர்கிறது. அத்தனை நேரம் பசியை அடக்கிவிட்டுச் சாப்பிடுவதால் அளவும் தெரிவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், மாற்ற வேண்டிய முதல் விஷயம் இதுதான். பசித்த நேரத்தில், உட்கார்ந்து, உங்களுக்கென்று ஒரு தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள். மிச்சம் விழாத அளவுக்கு உலை வையுங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்றும் பாருங்கள். நாலு பேர் வீட்டுக்கு மூன்று லிட்டர் போதும். ஐந்து லிட்டர் கேன் மாதக் கடைசிக்குள் காலியானால், வீட்டில் எல்லோருக்குமே எண்ணெய் அதிகமாகப் போகிறது.

நடந்தால் மட்டும் போதுமா? எடையைக் குறைக்க நடை மட்டும் போதாது. நாற்பது நிமிடம் நடந்து செலவழித்ததை இரண்டு மெதுவடையில் திரும்பப் பெற்றுவிடலாம். ஆனால் குறைந்த எடையை நிறுத்தி வைக்க நடை இல்லாமல் முடியாது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருடமாவது ஏறாமல் பார்த்துக்கொண்டவர்கள் அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலோரிடம் பொதுவாக இருப்பது தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேர உடற்பயிற்சி. நீங்கள் அரை மணியில் ஆரம்பித்தால் போதும். பள்ளி விட்டதும் மைதானத்திலேயே நடந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்குள் நுழைந்த பிறகு கிளம்ப நம் வீடுகள் பெண்களை விடுவதில்லை. கூடவே வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கான வேலை வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காருவது. சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது. இரண்டும் பத்துப் பத்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் 12 கிலோ வேண்டாம். அவ்வளவு வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்தும் உண்டு. நாலு முதல் ஐந்து கிலோ குறைந்தால் நல்லது, அதற்கேற்ப ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள். அது சின்ன எண்ணிக்கை இல்லை. 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நீரிழிவு. அமெரிக்காவில் இந்த மாதிரி நிலையில் இருந்த 3,234 பேரை வைத்துச் செய்து 2002ல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. உங்களுக்கு அது ஐந்தரைக் கிலோ. அந்த வழியில் போனவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்தது, 2006ல் வெளிவந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மெஷினில் முள் நகராத மாதத்திலும் உள்ளே நல்லது நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நம்பிக்கையான செய்தி எனக்குத் தெரியாது. முள் நகராத மாதங்கள் உங்களுக்கும் வரும், பெரும்பாலும் நாலாவது ஐந்தாவது மாதத்தில். உடம்பு இளைத்ததால் அதன் தேவையும் குறைந்திருக்கும். அப்போது பயந்துபோய் சூப்புக்குத் திரும்ப வேண்டாம்.

தினமும் மெஷின் மேல் ஏற வேண்டாம். மாதவிலக்கை ஒட்டியும், ஊறுகாய் கருவாடு சாப்பிட்ட மறுநாளும், தண்ணீர் தங்கி ஒரு கிலோ கூடக் காட்டும். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். தையல் டேப்பால் இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். அது தொலைவில் இருந்தால் பரவாயில்லை, இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லி தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். எடை ஏறுவதற்கும் முடி கொட்டுவதற்கும் அதுவும் காரணமாக இருக்கலாம். மூட்டு வலி இருந்தால் அதையும் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி எடுத்துப் பாருங்கள், என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.